எத்தனை மணிக்குக் கண்ணைக் கட்டுகிறது? வலிப்பு மருந்தும் தூக்கக் கலக்கமும்

பல்லாவரத்தில் எட்டே காலுக்கு மின்சார ரயிலில் ஏறுகிறார் ஒருவர், கிண்டியில் இறங்க வேண்டும். அதிசயமாக உட்கார இடம் கிடைத்துவிட்டது, வினையே அங்கேதான். மீனம்பாக்கம் வரைக்கும் நினைவு இருக்கிறது, அப்புறம் கண்ணைத் திறந்தால் வண்டி பார்க் ஸ்டேஷனில் நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு நாளாவது இப்படி ஆகிவிடுகிறது. ஆபீசில் ‘என்ன சார், இன்னிக்குமா’ என்று ஒரு பார்வை, வீட்டில் ‘ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனை நோண்டினால் வேறென்ன ஆகும்’ என்று அம்மாவின் அர்ச்சனை. ஏழே காலுக்குக் குளித்துவிட்டு வந்ததும், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு அவர் விழுங்கிய வலிப்பு மாத்திரை யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அவருக்கே வருவதில்லை.

வலிப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றின் பக்கவிளைவுப் பட்டியலை எடுத்தால் தூக்கக் கலக்கம் முதல் சில வரிகளுக்குள் வந்துவிடும். ‘மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரத்தான் செய்யும்’ என்று சொல்லி எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. உங்களுடையது எது என்று பிரித்துப் பார்க்க முதலில் வேண்டியது ஸ்கேன் இல்லை, கடிகாரம். மாத்திரை எத்தனை மணிக்கு, கண்ணைக் கட்டுவது எத்தனை மணிக்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

மருந்து மூளையில் என்ன செய்கிறது

மூளை நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின் சைகையில் பேசிக்கொள்கின்றன. ஒரு பெரிய கூட்டம் அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினால் அதுதான் வலிப்பு, நாம் ஃபிட்ஸ் என்கிறோம். இன்றைய மருந்துகள் நோயை வேரோடு பிடுங்குவதில்லை, அந்தக் கூச்சல் எளிதில் கிளம்பாதபடி அமுக்கி வைக்கின்றன. அமுக்கும் வழிகள் முக்கியமாக மூன்று.

1. நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாசலை மெதுவாக்குவது. பினைட்டாயின், கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், லாகோசமைடு எல்லாம் இந்த வகை.

2. காபா என்ற ரசாயனத்தின் கையைப் பலப்படுத்துவது. மூளைக்குள் ‘போதும், அடங்கு’ என்று சொல்வது காபாதான். பினோபார்பிட்டோன், குளோபசாம், குளோனசெபாம் இந்த வழியில் வேலை செய்கின்றன. தூக்க மாத்திரைகளில் பலவும், ஏன், சாராயமும்கூட கை வைப்பது இதே இடத்தில்தான். ஆக இந்த மருந்துகளால் தூக்கம் வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

3. மற்ற வழிகள். லெவெடிராசெட்டம் நரம்பு முனையில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்றவை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வேலை செய்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், மருந்துக்கு வலிப்பு கிளம்பும் மூலை எது, விழிப்பைக் காக்கும் மூலை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். இந்தத் தொல்லை மருந்தோடு கூடப் பிறந்தது. பினோபார்பிட்டோன் முதலில் தூக்க மருந்தாகத்தான் வந்தது, அதை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆல்ஃப்ரெட் ஹவுப்ட்மான் என்ற ஜெர்மன் மருத்துவர், வலிப்பும் குறைகிறதே என்று 1912-இல் எழுதினார். அடுத்த கால் நூற்றாண்டு நோயாளிகள் தூங்கி வழிந்துகொண்டேதான் பிழைத்தார்கள். ‘தூங்க வைக்காமல் வலிப்பை மட்டும் நிறுத்த முடியுமா’ என்று அமெரிக்காவில் மெரிட்டும் பட்னமும் தேடிப்போய் 1938-இல் கொண்டுவந்ததுதான் பினைட்டாயின். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

தூக்கமா, அசதியா, மந்தமா

மூன்றையும் ‘ஒரே டயர்டா இருக்கு டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவருக்கு இவை மூன்றும் மூன்று விஷயம்.

தூக்கக் கலக்கம் என்றால், உட்கார்ந்த இடத்தில் கண் தானாக மூடுவது. அசதி என்றால், படுத்தாலும் தூக்கம் வராது, எழுந்தால் உடம்பு ஒத்துழைக்காது. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் இந்த வேஷத்தில் வரும். மந்தம் என்றால், விழித்துத்தான் இருக்கிறோம், ஆனால் வார்த்தை சிக்காது, கணக்குப் பிடிபடாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தொண்டையில் நிற்கும். டோபிராமேட் இந்த மூன்றாவதற்குப் பேர் போனது.

உங்களுடையது முதல் வகையா என்று பார்க்க 1991-இல் வெளியான எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று உண்டு. டிவி பார்க்கும்போது, படிக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாக உட்கார்ந்து போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா இருக்கும்போது என்று 8 சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை நீங்களே மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24-இல் பத்தைத் தாண்டினால் சாதாரணத் தூக்கம் இல்லை, கவனிக்க வேண்டும். கொஞ்சம் நேர்மையாகப் போடுங்கள், டாக்டரைத் திருப்திப்படுத்தக் குறைத்துப் போட்டு ஒரு லாபமும் இல்லை.

அரை ஆயுள் என்ற ஒரு சொல்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அரை ஆயுள். தினமும் சாப்பிடும் மருந்து ரத்தத்தில் ஒரு நிலையான அளவுக்கு வந்து சேர ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள் காலம் பிடிக்கும்.

லெவெடிராசெட்டத்துக்கு இது 6 முதல் 8 மணி நேரம், இரண்டு நாளில் நிலைக்கு வந்துவிடும். குளோபசாமுக்கு 36 முதல் 42 மணி நேரம். அதைவிட, உடம்புக்குள் அது உடைந்து உருவாகும் இன்னொரு பொருளும் மருந்தாகவே வேலை செய்கிறது, அதன் அரை ஆயுள் மூன்று நாளை ஒட்டி வரும். பினோபார்பிட்டோனுக்குப் பெரியவர்களில் சுமார் நான்கு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்றைக்கு டோஸ் ஏற்றினால் அதன் முழு பாரம் உடம்பில் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். ‘டோஸ் ஏற்றி பதினைந்து நாள் நன்றாகத்தானே இருந்தான், இப்போது திடீரென்று தூங்குகிறானே’ என்று பெற்றோர் குழம்புவது இதனால்தான். அதில் திடீர் ஒன்றுமில்லை, இவ்வளவு நாளும் சேர்ந்துகொண்டிருந்தது.

பினைட்டாயினுக்கு இந்தக் கணக்கே செல்லாது, அது தனி ஜாதி. ஓரளவு வரைக்கும் கல்லீரல் அதைச் சமாளிக்கும், அதற்கு மேல் போனால் கையை விரித்துவிடும். 300 மில்லிகிராமில் சரியாக இருந்த ஒருவருக்கு 400 ஆக்கினால் ரத்த அளவும் மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று நாம் நினைப்போம், அது இரட்டிப்பாகக்கூட ஆகலாம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற வழக்கமான எல்லையைத் தாண்டினால் கண்மணி ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர் தெருவில் குடிகாரர் என்று பேர் வாங்குவது இப்படியும் நடக்கும்.

கடிகாரம் சொல்லும் காரணம்

1. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் வந்து, பிறகு விலகும் தூக்கம். இது உச்ச அளவுத் தூக்கம், மருந்து ரத்தத்தில் உச்சிக்குப் போகும் நேரம். லெவெடிராசெட்டம் வெறும் வயிற்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சியைத் தொடும். பல்லாவரத்துக்காரர் விஷயம் இதுதான், ஏழே காலுக்குப் போட்டது எட்டே காலுக்கு மேலே நிற்கிறது, அந்த நேரம் பார்த்து ரயிலில் உட்காரவும் இடம் கிடைக்கிறது. சாப்பிட்ட பின் போட்டால் உச்சி சுமார் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும், உயரமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், உடம்பில் சேரும் மொத்த மருந்தோ குறையாது. சாதாரண கார்பமசெபின் மாத்திரைக்கு உச்சி நான்கு, ஐந்து மணி நேரம் கழித்துத்தான் வரும். காலை எட்டு மணிக்குப் போட்டவருக்குப் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் கண் சொக்கி எதிரே இருப்பது இரண்டாகத் தெரிந்தால் மதியச் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்.

2. விடிந்ததிலிருந்து அடையும் வரை ஒரே மாதிரி மந்தம். இங்கே உச்சி, பள்ளம் எதுவும் இல்லை. நீண்ட அரை ஆயுள் மருந்தாக இருக்கலாம், மொத்த டோஸ் அதிகமாக இருக்கலாம், அல்லது மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்து அழுத்தலாம். ஒன்று போதவில்லை என்று இரண்டாவதைச் சேர்த்து, பிறகு மூன்றாவதைச் சேர்த்து, முதலாவதை எடுக்க யாருமே நினைக்காமல் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் சீட்டுகள் நம் ஊரில் எத்தனையோ. என் கருத்தில், தூக்கக் கலக்கத்துக்காக ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் ‘இதில் எதையாவது எடுக்க முடியுமா’ என்பதுதான் அது. இன்னொன்று, குளோபசாம் உடைந்து உருவாகும் அந்தப் பொருளை வெளியேற்றும் கல்லீரல் நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்கள் உண்டு, ஆசிய மக்களில் அது அபூர்வம் இல்லை. மற்றவருக்குச் சாதாரணமான 10 மில்லிகிராம் இவர்களைச் சாய்த்துவிடும், சோம்பேறித்தனம் என்று பேர் மட்டும் மிஞ்சும்.

3. காலையில் எழும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருப்பது. ராத்திரி மாத்திரையின் மிச்சமாக இருக்கலாம். ஆனால் நாக்கு ஓரம் கடிபட்டிருக்கிறதா, உடம்பு வலிக்கிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், தூக்கத்தில் யாரும் பார்க்காமல் வலிப்பு வந்து போயிருந்தாலும் மறுநாள் இப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் வேண்டியது மருந்தைக் குறைப்பது கிடையாது, சரியான மருந்து. இரண்டாவது சந்தேகம் குறட்டை. வால்ப்ரோயேட் எடையைக் கூட்டும், கழுத்து பெருத்துத் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின மாதிரியே இருக்காது. அந்த அரைகுறைத் தூக்கமே வலிப்பையும் கிளப்பும்.

4. புது மருந்தின் முதல் சில வாரங்கள். உடம்பு பழகும் காலம் இது, பெரும்பாலோருக்கு மெல்லக் குறையும். கார்பமசெபினில் ஒரு வேடிக்கை உண்டு, மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் கல்லீரல் அந்த மருந்தை வேகமாக உடைக்கக் கற்றுக்கொண்டுவிடும், ஆரம்பக் கலக்கம் தானாகக் குறைய அதுவும் ஒரு காரணம்.

5. இவ்வளவு நாள் இல்லாமல் புதிதாக வந்தது. இதில்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும், மருந்து பழசு, தூக்கம் புதுசு என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது.

நடுவில் மாறியது எது

முதல் சந்தேகம் தெருமுனை மெடிக்கல்ஸில் வாங்கிய சளி மாத்திரை. குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் சளி மாத்திரைகளிலும் இருமல் சிரப்புகளிலும் கலந்திருக்கும், தூக்கத்தை இரட்டிப்பாக்குவதோடு சிலருக்கு வலிப்பையும் தூண்டும். சீட்டு இல்லாமல் வாங்குகிறீர்கள் என்றால் ‘நான் ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று கவுண்டரில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பின்னால் நிற்பவர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்தது ஆன்டிபயாட்டிக். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் கார்பமசெபினை உடைக்கும் நொதியைத் தடுப்பதால் சில நாளிலேயே அதன் ரத்த அளவு எகிறும். அசித்ரோமைசின் அந்த அளவுக்குத் தொந்தரவு தராது. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், பினைட்டாயினையும் கார்பமசெபினையும் ஏற்றிவிடும். கூடவே வரும் ரிஃபாம்பிசின் இறக்கும். எது ஜெயிக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது, காசநோய் சிகிச்சை தொடங்கும் அன்றே நியூரோ டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். வலிப்பு மருந்துகளுக்குள்ளேயும் இந்தச் சண்டை உண்டு, வால்ப்ரோயேட் சேர்ந்தால் பினோபார்பிட்டோனும் லாமோட்ரிஜினும் உடம்பில் அதிக நேரம் தங்கும்.

வயதானவர்களுக்கு உப்பு. கார்பமசெபினும் ஆக்ஸ்கார்பசெபினும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். பி.பி. மாத்திரையின் பெயர் ‘ஹெச்’ என்ற வாலோடு முடிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீர் போக்கும் மருந்து, அதுவும் சோடியத்தைக் குறைக்கும். போதாக்குறைக்கு ‘பி.பி.க்கு உப்பே ஆகாது’ என்று வீட்டில் உப்பில்லாச் சமையல். 135-க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 125-க்குக் கீழே போனால் தூக்கம், குழப்பம், வாந்தி, கடைசியில் எதைத் தடுக்க மருந்து சாப்பிடுகிறோமோ அந்த வலிப்பே வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் விஷயம் இது.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம். லெவெடிராசெட்டம் பெருமளவு சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் சோர்ந்தால் அதே டோஸ் உடம்பில் தேங்கும். கிரியேட்டினின் கூடியது சர்க்கரை டாக்டருக்குத் தெரியும், லெவெடிராசெட்டம் டோஸ் நியூரோ டாக்டருக்குத் தெரியும், இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்கு வருவதில்லை. நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும்.

வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்குத் தூக்கம் கூடி, வாந்தியும் குழப்பமும் சேர்ந்தால் ரத்தத்தில் அம்மோனியா பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தும் அம்மோனியா ஏறியிருக்க வாய்ப்பு உண்டு, கூடவே டோபிராமேட் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அப்புறம் ‘பக்கவிளைவே இல்லாத’ பொடி. சொந்தக்காரர் எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுப்பார். வலிப்புக்கென்று விற்ற சில பொடிகளைச் சோதித்தபோது உள்ளே பினோபார்பிட்டோனோ பினைட்டாயினோ கலந்திருந்தது முன்பே தெரியவந்திருக்கிறது. டாக்டர் தந்த மருந்து அது பாட்டுக்கு ஓடும்போது இந்தப் பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டால் தூக்கம் வராமல் என்ன செய்யும்.

தானாகக் குறைத்தால் என்ன ஆகும்

‘காலை மாத்திரையை மட்டும் விட்டுவிட்டேன், ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும். பினோபார்பிட்டோன், குளோபசாம், குளோனசெபாம் போன்ற காபா மருந்துகளுக்கு மூளை பழகிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் அமுக்கி வைத்த அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். வலிப்பு நிற்காமல் தொடரும் நிலை, உயிருக்கே ஆபத்து. உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களை வைத்துப் போட்டது.

மறந்த வேளையை மறுநாள் இரட்டிப்பாகப் போடுவதும் இதே குடும்பம்தான். பொதுவாக ஞாபகம் வந்ததும் போடச் சொல்வார்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடச் சொல்வார்கள், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. உங்கள் மருந்துக்கு எது பொருந்தும் என்று மறப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்

சென்ட்ரலுக்கு எதிரே ஜி.ஹெச். ஆனாலும் சரி, தனியார் கிளினிக் ஆனாலும் சரி, உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதை ‘ஒரே தூக்கமா வருது டாக்டர்’ என்று வீணாக்கக் கூடாது. இரண்டு வாரம், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கே விஷயம் குறித்து வையுங்கள்: மாத்திரை நேரம், கண் சொக்கிய நேரம், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம், வலிப்போ வெட்டிழுப்போ வந்ததா. பிறகு இப்படிச் சொல்லலாம்:

“டாக்டர், காலையில ஏழே காலுக்கு மாத்திரை. எட்டேகால்ல இருந்து பத்து வரைக்கும் கண்ணைத் திறக்க முடியலை, அப்புறம் சரியாயிடுது. ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கறேன். எட்டு மாசமா ஃபிட்ஸ் இல்லை.”

இந்த நான்கு வரிக்குப் பின் மருத்துவர் யோசிக்க இவ்வளவு வழிகள் இருக்கின்றன:

1. நேரத்தையும் உணவையும் மாற்றுவது. வெறும் வயிற்றில் போடுவதை டிபனுக்குப் பின் என்று மாற்றுவதே சிலருக்குப் போதும்.

2. பங்கை மாற்றுவது. சீட்டில் 1-0-1 என்று இருப்பதை, காலையில் சிறிய பங்கு, ராத்திரி பெரிய பங்கு என்று பிரிக்கலாம். பெரம்பனல் போன்றவற்றை முதலிலிருந்தே படுக்கும் நேரத்தில்தான் தருகிறார்கள்.

3. மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது, பெயருக்குப் பின்னால் சி.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று வரும். உச்சி மழுங்கி, நாள் முழுக்கச் சீராக இறங்கும். விழுங்கக் கஷ்டம் என்று இவற்றை இடித்துப் பொடியாக்கினால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும், காசும் போச்சு, தூக்கமும் வந்தாச்சு.

4. டோஸை இன்னும் மெதுவாக ஏற்றுவது.

5. தேவையில்லாததை எடுப்பது, அல்லது மருந்தையே மாற்றுவது. லாமோட்ரிஜின் பொதுவாகத் தூக்கம் குறைவாகத் தரும், ஆனால் தோல் தடிப்பு அபாயத்தால் வாரக்கணக்கில் மெல்லத்தான் ஏற்ற முடியும், எல்லா வகை வலிப்புக்கும் அது பொருந்தாது. குழந்தை பெறும் வயதுப் பெண்கள் இந்தப் பேச்சு வரும்போதே கர்ப்பத் திட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையென்றால் ஆசிரியரிடம் இரண்டாவது பீரியடிலா, மதியத்திலா என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பினோபார்பிட்டோன் சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக ஆட்டம் போட வைக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

வீடு, வேலை, வெயில்

ராத்திரித் தூக்கத்தில் சமரசம் கிடையாது. தூக்கம் கெடுவது வலிப்பைக் கூப்பிட்டுக் கொண்டுவரும், அதிலும் காலையில் கை கால் வெட்டும் இளவயது வலிப்பு வகைக்கு இதுதான் முதல் எதிரி. ஓ.எம்.ஆரில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் பகல் ஷிஃப்ட் கேட்டு டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம், ஷிஃப்டுகளை மாற்றி மாற்றிப் போடுவதைவிட ஒரே ஷிஃப்டாவது மேல்.

காபி பற்றி நிறைய பயம் இருக்கிறது. காலையில் ஒரு ஃபில்டர் காபி பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. அதன் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம் என்பதால் சாயங்காலக் காபி ராத்திரித் தூக்கத்தைக் கடித்துத் தின்றுவிடும். மதியம் முடியவில்லை என்றால் மூன்று மணிக்கு முன்னால் இருபது நிமிஷம், அலாரம் வைத்துக்கொண்டு. அலாரம் இல்லாத குட்டித் தூக்கம் குட்டித் தூக்கமே கிடையாது. ஃபுல் மீல்ஸ் கட்டிவிட்டு மாத்திரையைத் திட்டுவதிலும் நியாயமில்லை.

கத்திரி வெயில் மாதத்தில் டோபிராமேட், சோனிசமைடு சாப்பிடுகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வியர்ப்பதே குறையலாம். வியர்க்காத உடம்பு சூடேறும், சுருண்டு படுக்கும், பார்ப்பதற்குத் தூக்கக் கலக்கம் போலவே இருக்கும். தொட்டுப் பார்த்தால் தோல் காய்ந்து கொதிக்கும். நிழல், தண்ணீர், ஈரத்துணி, குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

கலக்கம் இருக்கும் நேரத்தில் வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், மறைத்து வாங்கிய உரிமம் விபத்தன்று காப்பாற்றாது. மின்சார ரயிலில் படியோரம் நிற்க வேண்டாம், உள்ளே போய் பக்கத்தில் இருப்பவரிடம் ‘கிண்டி வந்தா எழுப்புங்க’ என்று சொல்லலாம், சென்னையில் இதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள். சமையலறையில் பின் அடுப்பைப் பயன்படுத்துங்கள், கொதிக்கும் சோற்றுப் பானையைத் தூக்கி வடிக்கும் வேலைகளைக் கண் தெளிந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

தட்டி எழுப்பினாலும் எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மெதுவாவது, வாந்தியோடு குழப்பம், தள்ளாட்டம், காய்ச்சலோடு தோலில் தடிப்பு அல்லது வாயில் புண், ஐந்து நிமிஷத்தைத் தாண்டும் வலிப்பு. இதற்கெல்லாம் அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அட்டை என்றதும் ஒன்று. லெவிபில், லெவெரா என்று பெயர் வேறாக இருக்கும், இரண்டும் லெவெடிராசெட்டம்தான். ஆஸ்பத்திரி மாறும்போது புதுச் சீட்டில் ஒரு பெயர், வீட்டு டப்பாவில் பழைய பெயர், இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டுவிட்டு ‘புது டாக்டர் மருந்து ரொம்ப தூக்கம்’ என்று சொல்வது சகஜம். அட்டையைத் திருப்பினால் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். பெரியவர்களுக்குக் கண் தெரியாது, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுங்கள், புதுச் சீட்டு வந்த அன்றே பழைய அட்டைகளை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.